தாதியரும் மேற்கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் எல்லோரும் பள்ளியிற் படித்திருக்கின்றோம். பசித்த பின் உண்ணவேண்டும், அளவறிந்து உண்ணவேண்டும் என்பன மாத்திரம் நமக்கு நினைவில் நிற்கின்றன. ஏனெனில் அவற்றை வீட்டிலே அம்மாவும் சொல்லுவார். அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளைப் பரீட்சை முடிந்த அன்றே மறந்துவிடுகின்றோம். வைத்தியம் என்பது நான்கு உறுப்புடையது என்று அங்கே வள்ளுவர் வகுக்கின்றார். நோயாளி ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று. நான்காவது, நோயாளியின் பக்கத்திலே நின்று மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவர். அவரை 'உழைச்செல்வான்' என்கின்றார். உழை என்றால் பக்கம்.

பரிமேலழகர் அக்குறளுக்கு உரை எழுதும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் நந்நான்கு குணங்களை எடுத்துச் சொல்லுகின்றார். பக்கத்தில் நிற்பவருக்கு வேண்டியவை எவை? நோயாளியிடத்தில் அன்பு வேண்டும். மனம், மொழி, மெய் மூன்றும் தூய்மையாய் இருத்தல் வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்து முடிக்கும் வலிமை வேண்டும். இவை மூன்று. நான்காவதாக அவர் வைப்பது அறிவுடைமை.

நம் ஊரவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து தாதிமாரைப் பற்றிப் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். "தங்கமான பிள்ளை", "பொறுமைசாலி", "கை வைத்தால் ஊசி போட்டதே தெரியாது" என்று வாயார வாழ்த்துவார்கள். முதல் மூன்று குணங்களுக்கும் நாம் குறை வைப்பதில்லை. "நல்லாய்ப் படித்தவர்" என்ற சொல்லை மாத்திரம் வைத்தியருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கின்றோம். அந்த நான்காவது குணத்தைப் பற்றியே இன்று பேச வந்தோம். தாதியர் பட்டம் பெறுவதும், பட்டத்துக்கு மேலே முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிப்பதும், அதற்கு ஆயத்தம் செய்வதுமே நம் பொருள்.

வாலிபர் சங்க மேடையில் இது எதற்கு என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கின்றது. நம் ஊர்ச் சகோதரி ஒருவர் இந்தப் படிப்புக்காக நம் சங்கத்தின் உதவியை நாடி வந்தார். அவர் இந்தச் சபையிலும் இருக்கின்றார். பெயர் சொல்லக்கூடாது என்பது அவர் இட்ட கட்டளை. உதவி செய்கின்றோம் என்று புறப்பட்டு நாம் ஆடிய கூத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுவது நல்லது. அதற்கு முன் ஊரைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை.

தெல்லிப்பழையிலே இன்று புற்றுநோய்க்கென்று ஒரு வைத்தியசாலை இருக்கின்றது. 1990இல் நாம் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு எழும்பியபோது, திரும்பி வருவோம் என்றுகூட நிச்சயமில்லை. 2011இல் நாட்டின் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றரை 27 நாளிலே பலர் கால்நடையாய் நடந்து, அந்த வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். 2013இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டிடம் எழுந்தது, கருவிகள் வந்தன, வைத்திய நிபுணரும் வந்தார்கள். ஆயினும் இரவு இரண்டு மணிக்கு நோவில் முனகுகின்ற ஒருவரின் கட்டிலண்டை நிற்பது யார்? உழைச்செல்வானே நிற்கின்றார். அவருடைய அறிவு எவ்வளவோ அவ்வளவுதான் அந்த நேரத்தில் அந்தக் கட்டிலுக்குக் கிடைக்கும் வைத்தியம்.

இது வெறும் மேடைப்பேச்சு அன்று, கணக்கிட்டுப் பார்த்திருக்கின்றார்கள். லிண்டா ஐக்கன் என்னும் தாதியியற் பேராசிரியை தம் கூட்டத்தாருடன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளின் விபரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு நூற்றுக்குப் பத்துக் கூடிய இடங்களில், சத்திரசிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவில் குறைந்து காணப்பட்டது. பின்பு 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 300 வைத்தியசாலைகளில், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரை வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே குறைவு நூற்றுக்கு ஏழு. இத்தகைய கணக்குத் தொடர்பைக் காட்டுமேயன்றி, காரணம் இதுவேதான் என்று முத்திரை குத்தாது. அதே 2014ஆம் ஆண்டு ஆராய்ச்சி இன்னொன்றையும் சொல்லிற்று: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது இறக்கும் வாய்ப்பும் நூற்றுக்கு ஏழு கூடுகின்றது. ஆகவே படித்த தாதி ஒருவரை வைத்துக்கொண்டு ஐம்பது கட்டிலை அவர் தலையில் ஏற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆராய்ச்சி துணை வராது.

தாதியர் ஆராய்ச்சி செய்வதாவது என்று சிரிப்பவர்கள் புளோரன்ஸ் நைட்டிங்கேலை நினைத்துப் பார்க்கட்டும். நம் பாடப்புத்தகங்களில் அவர் கையில் எப்பொழுதும் விளக்குத்தான் இருக்கின்றது. உண்மையில் அவர் கையில் அதிகம் இருந்தது பேனாவும் கணக்கும். 1854இல் கிரிமியப் போரின் காயக்காரரைப் பார்க்கப் போனவர், வெட்டுக்காயத்தில் இறந்தவரிலும் பார்க்க அழுக்கினாலும் தொற்றுநோயினாலும் இறந்தவரே பெருந்தொகை என்பதை எண்ணிக்கையாகவும் படமாகவும் வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். இங்கிலாந்தின் புள்ளிவிபரக் கழகம் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது அவரையே. 1860இல் இலண்டனில் அவர் பெயரால் தாதியர் பாடசாலை தொடங்கியது. தாதியியல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இன்னும் நெடுங்காலம் சென்றது. அடலெய்ட் நட்டிங் என்னும் தாதி 1907இல் நியூயோர்க்கில் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியிற் பேராசிரியர் பதவி பெற்றார். உலகிலே அப்பதவி பெற்ற முதல் தாதி அவரே. யேல் பல்கலைக்கழகத்தில் 1923இலும், எடின்பரோவில் 1956இலும் தாதியியலுக்கு இடம் கிடைத்தது.

நமக்கு இதிலே ஓர் உறவு முறையும் உண்டு. 1816இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியேல் பூர் இதே தெல்லிப்பழையில் வந்து குடியேறினார். சில ஆண்டுக்குள் ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை நடத்தினார். அவர் பின்பு சென்னைப் பக்கம் போனார். அவருடைய பேத்தியாகிய ஐடா ஸ்கடர் வேலூரில் வைத்தியசாலை அமைத்து 1909இல் தாதியர் பாடசாலையும் தொடங்கினார். அந்தப் பாடசாலையே 1946இல் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. அதே ஆண்டில் டெல்லியிலும் ஒரு தாதியர் கல்லூரி பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. அது இன்று ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கே 1959இல் முதுமாணிப் படிப்பும் வந்தது. ஆகவே தமிழ்நாட்டிலே தாதியருக்குப் பட்டம் கொடுத்த முதல் வீட்டின் மூதாதை, நாம் சைக்கிளிற் போய்வரும் பண்டத்தரிப்பில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதும், நாவலர் பெருமான் அவர்களுக்கு எப்படி விடை கொடுத்தார் என்பதும் இந்தச் சங்கத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதற்காக அவர்கள் விட்டுப்போன நல்ல மருந்தை நாம் கொட்டிவிடவும் இல்லை.

இலங்கையில் நிலைமை வேறு. அரசாங்கத் தாதியர் பயிற்சிப் பாடசாலைகளில் மூன்று ஆண்டு பயின்று டிப்ளோமாவுடன் கடமைக்குப் போவதே வழமை. 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன், வேலையில் இருக்கும் தாதியருக்கென்று பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்குப் பின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நான்கு ஆண்டுப் பட்டம் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. முதுமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் இன்னும் பலர் கடல் கடக்கின்றார்கள்.

இனி நம் சகோதரியின் கதைக்கு வருவோம்.

அவர் உயர்தரம் முடித்துப் பயிற்சிப் பாடசாலைக்குப் போனவர். குடாநாட்டில் கடமை. கலியாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். திறந்த பல்கலைக்கழகப் பட்டத்தை இரவுக் கடமைக்கும் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் இடையிலே பல ஆண்டு இழுத்து முடித்தார். பின்பு வெளிநாட்டில் முதுமாணி படிக்க விரும்பினார். விண்ணப்பத்தில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று கேட்டிருந்தார்கள்: இந்தப் படிப்பை ஏன் விரும்புகின்றீர், முடித்து என்ன செய்யப் போகின்றீர் என்பது அதன் பொருள். அதை எழுதுவதற்கு நம்மிடம் வந்தார்.

நமக்கோ எழுதக் கிடைத்தாற் போதாதா? இளைப்பாறிய ஆங்கில உபாத்தியாயர் ஒருவர், பிரக்கிராசியாரின் கந்தோரில் எழுதுவினைஞர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆக மூவர் மூன்று இரவு உட்கார்ந்தோம். நைட்டிங்கேலின் விளக்கில் தொடங்கினோம். சூலை நோயால் துடித்த தம்பியைத் திருவதிகையிலே தாங்கிக்கொண்ட திலகவதியார் நடுவில் வந்தார். மனிதகுலச் சேவையில் வந்து முடித்தோம். வசனம் ஒவ்வொன்றும் தேர்வடம் போல நீண்டிருந்தது. சகோதரி அதை வாசித்துவிட்டு, "நல்லா இருக்குது மாஸ்ரர். ஆனால் இது ஆர் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். அடக்கத்தினாற் சொல்லுகின்றார் என்று நினைத்து அப்படியே அனுப்பிவைத்தோம். இரண்டு மாதத்தின் பின் ஒரே வரியில் மறுப்பு வந்தது. பல்கலைக்கழகத்தைக் குற்றஞ் சொல்லுவதற்கு இல்லை. அந்தக் கட்டுரையை எந்த ஊரில் எந்தத் தாதியின் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். அப்படியென்றால் அது ஒருவருக்கும் உரியதன்று.

அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்தது ஒரு பழைய சீ.ஆர். கொப்பி. கடமையில் இருந்தபோது ஐந்தாறு ஆண்டாக அதில் குறித்து வைத்திருக்கின்றார். ஆருக்கும் காட்டவில்லை. காட்டத்தக்க பொருள் என்று அவருக்கே தெரியாது.

அதில் இருந்தது இது. நோயாளரிடம் நோவின் அளவைக் கேட்கும்போது, பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லும்படி கேட்பது இன்று உலக வழக்கம். நம் ஊர் ஆச்சி ஒருவரிடம் கேட்டால் அவர், "நீ பாத்துப் போடு பிள்ளை" என்கின்றார். ஐயா ஒருவர், மகன் பக்கத்தில் நிற்கும்போது "நோ ஒண்டுமில்லை" என்கின்றார். மகன் போன பின் இரவிலே தாதியைக் கூப்பிட்டு மெல்லச் சொல்லுகின்றார். ஆனால் எண்ணைக் கேளாமல், எப்படி இருக்கின்றது என்று கேட்டால் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குத்துது, கடுக்குது, எரியுது, உளையுது, குடையுது, இழுக்குது, விறைக்குது, விண் விண் எண்டுது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்த நோயாளிக்கு எந்த இடத்தில் நோ, எந்த மருந்து கொடுத்தார்கள், எது கேட்டது என்று சகோதரி எழுதியிருந்தார்.

இது வெறும் சொல்லாராய்ச்சியோ என்று கேட்கலாம். அன்று. எரிவு, விறைப்பு, மின்சாரம் அடித்தாற்போன்ற நோ என்பன பெரும்பாலும் நரம்பு பாதிக்கப்பட்ட நோவின் அடையாளங்கள். எலும்பிலோ தசையிலோ உண்டாகும் உளைவுக்குக் கொடுக்கும் மருந்து மாத்திரம் அதற்குப் போதாது. வேறு வகை மருந்தும் வேண்டிவரும். ஆகவே ஆச்சியின் வாயில் வந்த ஒரு சொல்லைத் தாதி வைத்தியரிடம் சரியாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தால் மருந்தே மாறும். ஆச்சி 'எரியுது' என்று சொன்னதைத் தாதி 'ஆறு' என்று எழுதிவிட்டால், அந்த அறிவு அந்தக் கடதாசியிலேயே செத்துவிடும். கனடாவிலே ரொனால்ட் மெல்சாக் என்னும் அறிஞர் 1975இல் நோவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 78 எடுத்து இருபது கூட்டமாய் வகுத்து ஒரு வினாப்பத்திரம் செய்தார். மக்கில் வினாப்பத்திரம் என்று உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகின்றார்கள். சகோதரி அதைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே, தம் விடுதியின் பதினாறு கட்டிலுக்குள் அதே பாதையிற் சிறிது தூரம் நடந்திருக்கின்றார். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியர் பின்பு ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே படிப்பித்தார் என்று நாம் பெருமையாய்ப் பேசுகின்றோம். அவர் வைத்தியரின் சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நோயாளியின் தமிழை வைத்தியத்துக்குள் கொண்டுபோகும் வேலை பாதியிலே நிற்கின்றது. அந்த வேலை கட்டிலண்டை நிற்பவருக்கே கைகூடும்.

சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரை இவ்விடத்தில் நினைக்காமற் போக முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் தாதிப் பயிற்சி பெற்றவர் அவர். முதுகு நோவினால் அத்தொழிலை விட்டு, வைத்தியசாலையில் நோயாளரின் குடும்பக் காரியங்களைக் கவனிக்கும் உத்தியோகத்துக்குப் போனார். சாகும் நிலையிலுள்ள புற்றுநோயாளருக்கு, நோ வந்து துடித்த பின் மருந்து கொடுப்பதை விட்டு, நோ வருமுன்னே நேரந்தவறாது கொடுக்கவேண்டும் என்பது அவர் கட்டிலண்டை இருந்து கண்ட உண்மை. அதை உலகம் செவிகொடுத்துக் கேட்பதற்காக அவர் முப்பத்துமூன்று வயதில் வைத்தியம் படிக்கப் புகுந்து 1957இல் வைத்தியரானார். 1967இல் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். இன்று உலகில் எந்தப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் அவர் வகுத்த வழியின் சாயல் இருக்கும். ஒரு தாதி கண்ட உண்மையைச் சொல்லுவதற்கு வைத்தியராய் மாறவேண்டியிருந்தது அந்தக் காலம். இன்று தாதியாய் இருந்துகொண்டே அதை ஆராய்ந்து நிறுவுவதற்கு முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் வழி திறக்கின்றன. மேற்கல்வியின் பயன் சம்பளப் படியில் மாத்திரம் இருக்கின்றது என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டாம் முறை சகோதரி தாமே எழுதினார். நாம் இலக்கணப் பிழை மாத்திரம் பார்த்தோம். அதிலும் ஓரிடத்தில் அவர் எழுதியதே சரி. ஆச்சியின் பதிலோடு கட்டுரை தொடங்கிற்று. விளக்கும் இல்லை, மனிதகுலமும் இல்லை. இடம் கிடைத்தது. புலமைப்பரிசிலுக்கு நேர்முகம் முடிந்து முடிவு வரவில்லை. காசு இல்லாமல் இடம் மாத்திரம் கிடைத்தவரின் நெஞ்சிடி எப்படியிருக்கும் என்பதை அவர் வீட்டாரிடம் கேட்டறியலாம்.

இந்த ஈராண்டில் நாம் பட்டறிந்தவற்றை, பின்னால் வருபவர்களுக்காகச் சொல்லுகின்றோம்.

மூன்று ஆண்டு டிப்ளோமாவைப் பட்டம் என்று எண்ணி முதுமாணிக்கு நேரே விண்ணப்பித்து, கட்டிய பணத்தை இழந்தவர்கள் உண்டு. முதலிற் பட்டம், அதற்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றது. ஆராய்ச்சியை நோக்கிய முதுமாணி வேறு, நோயாளரைக் கையாளும் தொழிற் பயிற்சியோடு கூடிய முதுமாணி வேறு. பின்னதற்கு அந்த நாட்டிலேயே தாதியாய்ப் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். இந்த வேறுபாட்டை முகவர்கள் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர்கள் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிப் பயம் அதிகம். ஐயெல்ட்ஸ் பரீட்சைக்குக் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒன்பது வரை புள்ளி. பல பல்கலைக்கழகங்கள் ஆறரை அல்லது ஏழு கேட்கின்றன. பெறுபேறு இரண்டு ஆண்டுக்கே செல்லும். ஆதலால் முந்திக்கொண்டு எழுதிவைத்து, விண்ணப்பிக்கும் காலத்தில் அது காலாவதியாகி, இரண்டாம் முறை பணம் கட்ட நேரலாம். நம் பிள்ளைகள் எழுதுவதில் பிழைப்பதில்லை; பேசுவதிலேயே தடுமாறுகின்றார்கள். காரணம், ஒருவரோடும் பேசிப் பார்த்ததில்லை. அறைக்குள் இருந்து புத்தகத்தை விழுங்கினால் நாக்கு அசையாது.

பயிற்சிப் பாடசாலையின் புள்ளிப் பத்திரத்தையும் தாதியர் பதிவுச் சான்றையும் ஓராண்டு முன்னரே தேடத் தொடங்கவேண்டும். பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒருமாதிரி, பதிவில் ஒருமாதிரி, கடவுச்சீட்டில் வேறொருமாதிரி இருப்பது நம்மவருக்குத் தலைமுறைச் சொத்து. இடப்பெயர்வில் மூலப்பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்கு அலைச்சல் இன்னும் கூட. சிபாரிசுக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்குவதே பெருமை என்று ஓடவேண்டாம். நம் வேலையைக் கண்ணாற் கண்ட மேற்பார்வைத் தாதியும், படிப்பித்த விரிவுரையாளரும் எழுதும் நான்கு உண்மை வசனமே பலிக்கும். அவர்களுக்கும் ஒரு மாத அவகாசம் கொடுக்கவேண்டும்.

பொதுநலவாயப் புலமைப்பரிசில் 1959இல் வகுக்கப்பட்ட திட்டம், இன்றும் நடக்கின்றது. பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் பரிசிலுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டாவது இருக்கவேண்டும். அரசாங்கச் சேவையிலிருந்து படிப்பு விடுமுறையிற் போகின்றவர் பிணைமுறி எழுதிக் கொடுத்தே போகவேண்டும். ஆதலால் விடுமுறை விண்ணப்பமும் பல்கலைக்கழக விண்ணப்பமும் ஒன்றாகவே நடக்கவேண்டும்.

போனவர் திரும்புவாரா என்ற கேள்வியை நாம் மறைத்துப் பேச விரும்பவில்லை. 2022இல் நாடு பொருளாதாரத்தில் நொடித்த பின் வைத்தியரும் தாதியரும் எத்தனை பேர் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பாதவரை நாம் ஏசப்போவதில்லை. அவர் அனுப்பிய பணத்திலே இந்த மண்டபத்தின் கூரைத் தகரமும் இருக்கின்றது. ஆனால் ஒன்று கேட்போம். படித்து வந்த தாதிக்கு இங்கே என்ன வைத்திருக்கின்றோம்? திரும்பி வந்தவரைப் பழைய இடத்திலே, பழைய வேலைக்கே நிறுத்தி, "நீ படிச்சதை உன்னோடை வைச்சிரு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே மனமொடிந்து இரண்டாம் முறை விமானம் ஏறியவரின் பிழையைப் பாதியாய்ப் பிரிக்கவேண்டும்.

வீட்டுக்குள்ளும் வருவோம். சகோதரி விண்ணப்பம் எழுதிய நாளில் உறவினர் ஒருவர் கேட்ட கேள்வி: "முப்பத்தைஞ்சு வயசிலை பள்ளிக்கூடமோ? பிள்ளையளை ஆர் பாக்கிறது?" அதைக் கேட்டவர் கெட்டவர் அல்லர், பிள்ளைகளில் அன்புள்ளவர். கணவர் அதற்குச் சொன்ன பதிலும் பெரிய வீர வசனம் அன்று. "நான் பாக்கிறன். மாமியும் இருக்கிறா" என்றார். மகன் படிக்கப் போனால் காணி ஈடு வைக்கின்றோம். மகள் வைத்தியராகப் போனாலும் வைக்கின்றோம். தாதியாய் இருப்பவள் மேலே படிக்கப் போகின்றேன் என்றால் மாத்திரம், இருக்கிற உத்தியோகம் போதாதா என்கின்றோம். சீதனப் பேச்சில் 'அரசாங்க உத்தியோகம்' என்று அவளுடைய தொழிலை வைத்து எண்ணும்போது அது பெரிய உத்தியோகம். படிப்பு என்று வரும்போது சின்ன உத்தியோகம். இது என்ன தராசோ தெரியவில்லை. உபாத்தியாயினியாய் இருந்து துர்க்கை அம்மன் கோவிலைக் கட்டியெழுப்பி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லமும் நடத்தி, 2008இல் நம்மை விட்டுப் பிரிந்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரின் ஊர் இது. ஒரு பெண்ணின் கல்வியினால் ஊருக்கு என்ன வரும் என்று நாம் வேறிடத்திற் போய்க் கேட்கவேண்டியதில்லை.

சங்கம் தன் பங்குக்கு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். கட்டுரை எழுதிக் கொடுக்கமாட்டோம். அந்தப் பாடம் படித்தாயிற்று. ஞாயிறு தோறும் ஆங்கிலம் பேசிப் பழக ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கின்றோம். இளைப்பாறிய உபாத்தியாயர் இருவர் வர உடன்பட்டிருக்கின்றனர். பிழை திருத்துவதிலும் பார்க்கப் பேச்சை நிறுத்தாமல் விடுவதே அவர்களுக்கு நாம் இட்ட நிபந்தனை. வாசிகசாலையில் கணினி ஒன்றும் இணைய இணைப்பும் இருக்கின்றன. ஆனால் பின்னேரம் நான்கு மணி முதல் ஏழு மணி வரை திறந்து வைத்தால், கடமையில் நிற்கும் தாதி எப்படி வருவது? இதைச் சகோதரி கேட்ட பிறகுதான் நமக்கு உறைத்தது. அடுத்த மாதம் முதல் செவ்வாயும் வியாழனும் காலை எட்டு மணிக்கே திறந்திருக்கும். இரவுக் கடமை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வரலாம். மற்ற நாட்களில் திறப்பு வாசிகசாலைக்கு எதிர்வீட்டு மாமியிடம் இருக்கும். கேட்டால் தருவா, தேத்தண்ணியும் தருவா.